பலூனை விரலால் அமுக்கிப் பார்த்தால் போதுமா?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் 31 வருடம் பிரஷர் கேஜ் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும், எங்கே ஒரு கேஜைக் கண்டாலும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டிவிட்டதா என்று கண் தானாகப் போகும்.

அந்தக் கண்ணோடுதான் மூன்று வருடம் முன்பு ஓர் ஐ.சி.யூ.வுக்குள் போனேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். என் மனைவியின் தம்பி நிமோனியாவில், தொண்டைக்குள் குழாயோடு, வெண்டிலேட்டரில் இருந்தான். வாயோரம் அந்தக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய கிளை தொங்கியது. நுனியில் சின்ன பலூன். நர்ஸ் சிரிஞ்சால் காற்று ஏற்றி, பலூனை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"எவ்வளவும்மா இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு சார்."

வெளியே தெரிவது அடையாளத்துக்கு. அசல் பலூன் மூச்சுக்குழாய்க்குள் இருக்கிறது. அதைக் கஃப் என்கிறார்கள். வெண்டிலேட்டர் காற்று மேலே கசியாமலும், வாய் எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் அதுதான் அடைத்துக் காக்கிறது. 1920களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல் ஒரு நாயை மயக்கி, இப்படிக் கஃப் வைத்த குழாயைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிக் காட்டினார். நாய் நன்றாக எழுந்து வந்தது! அதன் பெயர் ஏர்வே. அன்று கசிவுதான் கவலை. அழுத்தம் கூடினாலும் ஆபத்து என்பது பிறகுதான் புரிந்தது.

20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் கசிந்து மறுபடி நிமோனியா. கூடினால் மூச்சுக்குழாயின் உள்சவ்வுக்கு ரத்தம் போகாது. புண்ணாகி, ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். 30-க்கு மேல் ரத்த ஓட்டம் குறைவதை 1984-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள்.

நம் கணக்கில் சொல்கிறேன். கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. என்றால் அது 2100 சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல். இங்கே மேல்வரம்பே அரை பி.எஸ்.ஐ. கிடையாது. டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறவரே கடைசியில் கேஜ் வைக்கிறார். இதை விரலில் எப்படி அறிவது?

ஒரு முறை அளந்தாலும் போதாது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தாலே அழுத்தம் மாறும், நேரம் போகப் போக இறங்கும். கேஜை மாட்டும்போதே கொஞ்சம் காற்று அதற்குள் போய்விடும் என்பதால், மாட்டியபடியே ஏற்றிச் சரிசெய்துதான் கழற்ற வேண்டும். ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது இதைச் செய்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நர்ஸைக் குறை சொல்லவில்லை. அந்த வார்டிலும் கேஜ் இருந்தது. கெட்டுப்போகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்! எங்கள் ஸ்டோர் கீப்பரும் இப்படித்தான். நல்ல கேஜெல்லாம் அவர் அலமாரியில், முள் ஒடிந்தது லைனில்.

பதின்மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். பிழைத்து வந்துவிட்டான், மருத்துவர்களுக்கு நன்றி. இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது விசில் மாதிரி சத்தம். உள்ளே கருவி விட்டுப் பார்த்ததில் மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தது. இரண்டு முறை விரிவாக்கியாயிற்று.

அந்த விரல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் அதிக நாள் இருந்தாலே வரலாமாம். ஆனால் அது காரணமில்லை என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. பல்ஸ், பி.பி., சர்க்கரை, சிறுநீர் எல்லாம் மணிக்கு மணி எழுதியிருந்த சார்ட்டில், கஃப் அழுத்தத்துக்கு ஒரு கட்டமே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது வெண்டிலேட்டரில் இருந்தால், டாக்டர் பேசும் நேரத்தில் சண்டைக்குப் போகாமல் கேளுங்கள்: "கஃப் பிரஷர் இன்றைக்கு எவ்வளவு டாக்டர்?" எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். நான் அன்று, "சரியாத்தான் இருக்கு சார்" என்றதும், தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.