ஷொக் என்பது சொகுசுக்கு அல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. பழைய கார் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்புபவர்களும் நேரம் ஒதுக்கிக் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் எண்ணிக் கொடுத்த காலத்தில் ஒரே காரில் பாடசாலைக்குப் போகத் தொடங்கினோம். தட்டுப்பாடு நீங்கிய பிறகும் பழக்கம் நீங்கவில்லை. கார் எங்களில் ஒருவருடையது. பெற்றோல் செலவு நால்வருக்கும் பொது. 1997 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கொரோலா 110. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகம்தான்.

கடந்த மாரியில் ஒருநாள் பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்தோம். மழை ஓய்ந்திருந்தது, வீதி ஈரம். வயலோரமாக மேடும் பள்ளமுமான ஒரு துண்டு வீதி. வளைவைத் தாண்டியதும் முன்னால் சைக்கிளில் ஒரு பிள்ளை, குழியை விலக்கி வீதியின் நடுவுக்கு வந்துவிட்டான். பிரேக்கை மிதித்தார் எங்கள் நண்பர். காரின் முகம் நிலத்தைத் தொடுவது போலக் குனிந்தது. பின்பக்கம் ஆடியது. சக்கரங்கள் தடதடவென்று துள்ளிக்கொண்டே போயின. ஒருவழியாகக் கார் நின்றபோது பிள்ளைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கை நீளம்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் எங்களிடம் ஏழாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. "சேர், பொயித்து வாறன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். நாங்கள் நால்வரும் ஊர் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் கராஜுக்குப் போய், "காக்கா, பிரேக்கைப் பாருங்க, பிடிக்கிதில்ல" என்றோம். போன மாதம்தான் பிரேக் பேட் மாற்றியிருந்தோம். அதற்கு முன்னர் முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டோம். அவர் பிரேக்கைப் பார்த்துவிட்டு, காரின் முன் மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி அமுக்கி விட்டார். கார் எழும்பித் தாழ்ந்து எழும்பித் தாழ்ந்து ஆடிக்கொண்டே நின்றது. "ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு" என்று எங்களைப் பார்த்து எண்ணினார். பிறகு சொன்னார்:

"சேர், பிரேக் நல்லாத்தான் இரிக்கி. டயர் ரோட்டுல நிண்டாத்தானே பிரேக் பிடிக்கும்? உங்கட டயர் துள்ளுது. ஷொக் செத்து எவ்வளவு காலமோ."

இந்தப் பதிவு எழுதுவதற்குக் காரணம் அந்த வார்த்தைதான். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் நால்வரும் ஷொக் அப்சோபரை ஒரு சொகுசுப் பொருளாகவே நினைத்திருந்தோம். "கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதானே, சமாளிக்கலாம்" என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டோம்.

உண்மையில் அது என்ன வேலை செய்கிறது? ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் கற்று, இன்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம்தான் இது. சக்தி அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கிச் சக்தியைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு அதைத் திருப்பித் தள்ளுகிறது. தடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். ஷொக் என்பது ஓயில் நிறைந்த குழாய். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சிறு துவாரங்களும் வால்வுகளும். ஸ்பிரிங் ஆடும்போது ஓயில் அந்தத் துவாரங்கள் வழியாக நெருக்கப்பட்டுப் போகிறது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான பாதையில் ஓடிவிட்டு வந்து தொட்டால் ஷொக் சுடுவது அதனால்தான். பெரும்பாலான ஷொக்குகளில் ஓயில் நுரைக்காமல் இருக்க நைதரசன் வாயுவும் அடைத்திருப்பார்கள்.

ஆக, ஷொக்கின் முதல் வேலை டயரை வீதியோடு ஒட்ட வைத்திருப்பது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயர் வழியாகத்தான் வேலை செய்கின்றன. டயர் வீதியை விட்டுத் துள்ளும் அந்தக் கணத்தில் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் காற்றில்தான் பிடிக்கிறது.

பிறகு ஏன் எங்களுக்குத் தெரியவில்லை? ஷொக் ஒரே நாளில் சாவதில்லை. டயர் வெடித்தால் சத்தம் கேட்கும், பெட்டரி இறங்கினால் கார் ஸ்டார்ட் ஆகாது. ஷொக் மாதம் மாதமாக, துளித் துளியாகப் பலம் இழக்கிறது. ஓட்டுபவரும் அதே அளவுக்குப் பழகிக்கொண்டு போகிறார். வளைவில் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறார். "என்ட கார எனக்குத் தெரியும்" என்கிறார். திடீரென்று ஒரு பிள்ளை குறுக்கே வரும் நாளில் அந்தப் பழக்கம் உதவாது.

வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது எங்கள் காருக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். ஷொக் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நாமேதான் பார்க்க வேண்டும். அந்த காக்காவிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1) காரின் ஒவ்வொரு மூலையையும் பலமாக அமுக்கி விடுங்கள். எழும்பி, ஒருதரம் தாழ்ந்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷொக் பலவீனம். ஆனால் இதில் தேறிவிட்டது என்பதற்காக நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். கையால் அமுக்கும் வேகம் குறைவு. மிக மோசமானதை மட்டும்தான் இது காட்டிக்கொடுக்கும்.

2) சக்கரத்துக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஷொக்கின் மேற்பகுதியில் இலேசான ஈரப்பூச்சு இருப்பது பிழையல்ல. ஓயில் கீழே வழிந்து, தூசி பிடித்துக் கறுப்பாகப் படிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஓயில் கசியாமலேயே உள்ளே வால்வு தேய்ந்து செத்த ஷொக்கும் உண்டு.

3) டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். இடைக்கிடை குழி குழியாகத் தேய்ந்திருந்தால் டயர் துள்ளி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வீல் பெலன்ஸ் பிழையாலும் இப்படி வரலாம், இரண்டையும் பாருங்கள். எங்கள் பழைய முன் டயர்கள் இப்படித்தான் தேய்ந்திருந்தன. டயரை மாற்றினோம், காரணத்தை மாற்றவில்லை. புதிய டயரும் அதே மாதிரித் தேயத் தொடங்கியிருந்தது.

4) பிரேக் பிடிக்கும்போது முகம் அளவுக்கு மீறிக் குனிகிறதா, வளைவில் சரிகிறதா, எதிரே பஸ் கடந்துபோகும் காற்றில் ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

5) மேடு பள்ளமான இடத்தில் ஒருவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லுங்கள். சக்கரம் துள்ளுவது உள்ளே இருப்பவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "டொக் டொக்" சத்தம் எல்லாம் ஷொக் அல்ல. லிங்க் ரொட், போல் ஜொயின்ட், ஆர்ம் புஷ், ஷொக்கின் மேல் மவுன்ட் ஆகியவற்றிலும் அதே சத்தம் வரும். கார் ஒரு பக்கம் பதிந்து நின்றால் அது ஸ்பிரிங்கின் பிரச்சினை. நன்றாகப் பார்க்காமல் "ஷொக்கை மாத்துங்க" என்று சொல்லும் இடத்தில் காசைக் கொடுத்துவிட்டு, சத்தத்தோடு வீடு திரும்ப வேண்டாம்.

மாற்றுவதாக இருந்தால் சோடியாக மாற்றுங்கள். முன் இரண்டும் ஒன்றாக, அல்லது பின் இரண்டும் ஒன்றாக. ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் செத்தது என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி நடக்காது. எங்கள் கார் போன்றவற்றில் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் அமைப்பு. அதில் உச்சியில் உள்ள நடு நட்டை, ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் இறுக்கிக் கட்டாமல் கழற்றவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் உயிரே போகலாம். யூடியூப் பார்த்து வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல. பிஸ்டன் கம்பியைக் குறட்டால் பிடிக்கவும் விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் புதிய சீல் சீக்கிரம் கிழிந்து ஓயில் கசியும். தூசி உறை, ரப்பர் தாங்கி, மேல் மவுன்ட் தேய்ந்திருந்தால் அவற்றையும் அதே கையோடு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வீல் எலைன்மென்ட் பார்க்காமல் ஓடக் கூடாது.

இப்போது காசு விடயத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஆனாலும் புது வாகனத்தின் விலை எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஊரில் ஓடுவது பெரும்பாலும் பழைய வாகனங்கள்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது நாம் காசு செலவழிக்கும் ஒழுங்கை. சீட் கவர் போடுகிறோம், செட் போடுகிறோம், பெருநாளைக்கு முன் பொலிஷ் அடிக்கிறோம். ஷொக் என்று வந்தால் மட்டும், பழைய குழாயில் ஓட்டை போட்டு ஓயில் நிரப்பி வெல்டிங் வைத்ததைத் தேடுகிறோம். உள்ளே இருந்த வாயு போய்விட்டது, சீல் பழையது, எந்த ஓயில் ஊற்றினார்கள் என்றும் தெரியாது. அதைவிட முன் இரண்டை இப்போதும், பின் இரண்டை சில மாதம் கழித்தும் புதிதாகப் போடுவது மேல். நாங்கள் அப்படித்தான் செய்தோம். குழி விழுந்த டயர் இரண்டுக்கும் வீணாக மாற்றிய பிரேக் பேட்டுக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

"வீதியைத் திருத்தாமல் ஷொக்கை மட்டும் மாற்றி என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழி நிறைந்த வீதி ஷொக்கைத் தின்றுவிடும் என்பது உண்மை. வீதிக்காகக் குரல் கொடுப்போம், மகஜரில் கையெழுத்து வைப்போம். ஆனால் நாளைக் காலை பிள்ளைகள் போகப்போவது இன்றைய வீதியில்தான். மோசமான வீதிக்குத்தான் நல்ல ஷொக் அதிகம் தேவை.

கடைசியாக, எங்களை உறுத்தும் விடயம். எங்கள் காரில் போனது நான்கு பெரியவர்கள். காலை ஏழு மணிக்கு நமது சந்தியில் நின்று பாருங்கள், ஒவ்வொரு வேனிலும் எத்தனை பிள்ளைகள் என்று. சில வேன்களில் பாரம் தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகப் பட்டை போட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் கடினமாகும்போது அதை அடக்க ஷொக்குக்கு இன்னும் பலம் வேண்டும். ஆனால் பட்டை போட்டவர்கள் ஷொக்கைத் தொட்டிருக்க மாட்டார்கள். நல்ல செய்தி என்னவென்றால், அப்படிப்பட்ட வேன்களின் பின்பக்கத்தில் ஷொக் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருக்கும். கழற்றிப் பூட்டுவது ஸ்ட்ரட்டை விட மிக இலேசு, கூலியும் குறைவு.

வேன்காரச் சகோதரர்களைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. மாதக் கட்டணத்தில் நூறு ரூபாய் கூட்டினால் முறைத்துக்கொண்டு வேறு வேன் தேடுபவர்கள் பெற்றோராகிய நாமும்தான். மலிவான வேனைக் கேட்டோம், மலிவான வேனைத் தந்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் யோசனை இதுதான். ஒவ்வொரு வேனிலும் பிள்ளை அனுப்பும் பெற்றோர் மாரி தொடங்குவதற்கு முன் ஒன்றுகூடுங்கள். வேன்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு நம்பிக்கையான கராஜில் ஷொக், டயர், பிரேக் மூன்றையும் காட்டுங்கள். மாற்ற வேண்டும் என்றால் ஒரு மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கொடுத்து, பின்னர் மாதம் மாதமாகக் கழித்துக்கொள்ளுங்கள். அல்லது சீட்டுப் போட்டு முதல் சீட்டை அவருக்குக் கொடுங்கள். கல்யாணத்துக்கும் வீட்டு வேலைக்கும் சீட்டுப் பிடிக்கும் ஊர் இது, இதற்கு முடியாதா? கழற்றிய பழைய ஷொக்கை வாங்கிப் பாருங்கள். கம்பியைக் கையால் அமுக்கினால் தடையே இல்லாமல் இறங்கும். அப்போது புரியும், பிள்ளைகள் இதுவரை எதை நம்பிப் போனார்கள் என்று.

பிள்ளைகள் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அன்று எங்கள் காருக்கு முன்னால் நின்ற பிள்ளை இப்போதும் தினமும் வகுப்பில் இரண்டாவது வரிசையில் இருக்கிறான். அவனைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு கை நீளம் ஞாபகம் வருகிறது.

இதில் பிழை ஏதும் இருந்தால் தொழில் தெரிந்த சகோதரர்கள் கீழே திருத்துங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம். மற்றவர்கள் நாளைக் காலை வாகனத்தை எடுக்குமுன் நான்கு மூலையையும் ஒருதரம் அமுக்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.