பயிற்றுநர் பெண்ணாயின்

நம் தோல் தொழில் வட்டாரத்தில் பெண்ணின் கைவலிமை எவரும் அறியாததன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. விடிந்ததும் கம்பெனிப் பேருந்துகள் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று அவர்களை ஏற்றி வருகின்றன. தடித்த தோலை ஊசிமுனையில் நிறுத்தித் திருப்பும் அந்தக் கைகளின் உழைப்பால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. எத்தனையோ பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். ஆயினும் அதே கை விளையாட்டுக்காக உயரும் என்றால் நம்மவர் முகம் சுளிக்கிறது. அதிலும் குத்துச்சண்டை என்றால் சொல்லவே வேண்டுவதில்லை. அந்தச் சுளிப்பு நியாயமானதுதானா என்பதைச் சற்றே ஆராய விரும்புகிறோம்.

தோல் தொழிலில் நம்மைப் போலவே பெயர் பெற்ற நகரம் கொல்கத்தா. அங்கே துறைமுகத்தை அடுத்துள்ள கிதர்பூர், முஸ்லிம்கள் நெருங்கி வாழும் பகுதி. அப்பகுதியிலிருந்து எழுந்தவர் ரஸியா ஷப்னம் என்னும் பெண்மணி. இந்தியாவில் குத்துச்சண்டைப் பயிற்றுநராகவும் பன்னாட்டு நடுவராகவும் உயர்ந்த முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர். கிதர்பூர் உடற்பயிற்சிப் பள்ளியில் அப்பகுதிச் சிறுமியருக்கு அவர் இக்கலையைப் பயிற்றுவித்தார். அக்கம்பக்கத்தாரின் ஏச்சும் அவருக்குக் குறைவாக இல்லை. 'புர்கா பாக்ஸர்ஸ்' என்னும் ஆவணப்படம் அவரது பணியை வெளியுலகம் அறியச் செய்தது.

பதக்கம் வென்ற பெண்களைப் பற்றி ஏடுகள் எழுதுகின்றன. ஆனால் ரஸியா செய்த பணி அதனினும் அரியது என்பது நம் கருத்து. குத்துச்சண்டை பயிற்றுவோர் தொலைவில் நின்று சொல்லிக்கொடுக்க இயலாது. மாணவியின் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். தோளையும் முழங்கையையும் பிடித்துத் திருத்த வேண்டும். கைம்மெத்தை பிடித்து எதிரே நின்று குத்துகளை வாங்க வேண்டும். போட்டிக்கு முன் எடை பார்ப்பர், உடற்சோதனை நடத்துவர், வெளியூர்ப் பயணமும் தங்கலும் உண்டு. இவற்றையெல்லாம் ஓர் ஆடவர் பொறுப்பில் விடத் தயங்கும் தந்தையைப் பழமைவாதி என்று எள்ளிப் பயனில்லை. அவரது தயக்கத்துக்குரிய விடை, அங்கே ஒரு பெண் பயிற்றுநர் நிற்பதேயாகும். ரஸியா அந்த விடையாக நின்றார்.

அத்தகைய ஒருவர் இல்லாத ஊரில் என்ன நிகழும்? தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஸரீனைக் காண்க. களத்தில் எல்லா விளையாட்டிலும் சிறுமியர் இருக்க, குத்துச்சண்டையில் மட்டும் ஒருவரும் இல்லையே, ஏன் என்று தந்தையிடம் கேட்டவர் அவர். பெண் துணை எவரும் இன்றிச் சிறுவர்களோடு மோதியே பயின்றார். முகத்தில் காயம் பட்டால் மகளை யார் மணப்பார் என்று தாய் கலங்கினார். தந்தை ஜமீல் அகமது உறுதியாக நின்றமையால் அப்பெண் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் புதுதில்லியிலும் உலகப் பட்டம் வென்றார். ஆனால் எல்லாச் சிறுமியர்க்கும் ஜமீல் அகமது போன்ற தந்தை வாய்ப்பதில்லை. வாய்க்காதோரை மனத்தில் வைத்தன்றோ ஒரு சமுதாயம் ஏற்பாடு செய்ய வேண்டும்? மணிப்பூரின் மேரி கோம் ஆறுமுறை உலகப் பட்டம் வென்றதோடு அமையாமல் இம்பாலில் பயிற்சிக்கூடம் நிறுவியதும் இந்நோக்கிலேயே நினைக்கத்தக்கது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முகத்தில் அடித்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்று பெரியோர் சுட்டுவர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் பணி, நமதன்று. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. முகம்மது அலியைப் பெருமையோடு பேசாத முஸ்லிம் இல்லம் நம் ஊர்களில் உண்டா? 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அவர் காட்சிப் போட்டி ஆடியபோது இந்தத் தடையை நினைவூட்டியவர் எத்தனை பேர்? அவர் மகள் லைலா அலி தாம் ஆடிய 24 போட்டிகளிலும் வென்றவர். அந்தப் பெயரோ நம் இல்லங்களில் அரிதாகவே ஒலிக்கிறது. தடை உண்டெனில் அது மகனுக்கும் மகளுக்கும் பொது. மேலும், பயிற்சியின் பெரும்பகுதி மணல்மூட்டையில் குத்துதலும் கயிறு தாண்டுதலும் காலடி பழகுதலுமே. எவர் முகத்திலும் அடிக்காமலே உடல் உரம் பெறும். மேடை ஏற விரும்புவோர் மிகச் சிலரே. அவர்களுக்குத் தலைக்காப்பு உண்டு.

உடை பற்றிய மறுப்பு முன்போல் வலுவுடையதன்று. தலைத்துணி அணிந்து ஆடும் உரிமைக்காக ஜெர்மனியின் ஸெய்னா நாசர் பல்லாண்டு வாதாடினார். 2019இல் பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கழகம் தலைத்துணியையும் உடல் முழுதும் மூடும் உடையையும் ஏற்றுக்கொண்டது. எனவே உடை காரணமாக ஒரு பெண் ஒதுங்கவேண்டிய நிலை விதியளவில் இன்றில்லை.

திருமணம் பற்றிய அச்சமே எஞ்சுகிறது. அது விதியால் தீர்வதன்று, பழக்கத்தால் தீர்வது. நம் வட்டாரமே இதற்குச் சான்று. வேலூரை அடுத்த சத்துவாச்சாரியில் பளுதூக்குதல் வீட்டு வழக்கம்போல் வேரூன்றியது. அம்மண்ணில் தோன்றிய சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வென்றார். அங்கே ஓர் இளைஞன் இரும்பு தூக்கினால் எவரும் வியப்பதில்லை. கூடம் அருகில் இருந்தது, கற்பிப்பவர் இருந்தார், பார்த்துப் பழகிய கண்களும் இருந்தன. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பவே தயங்கிய நம் முன்னோர் இன்று நம் மகளிர் கல்லூரிகளின் கூட்டத்தைக் கண்டால் என்ன சொல்வர்?

நாம் கேட்பது பெரும்பொருளன்று. குத்துச்சண்டைக் கையுறையும் தோலால் ஆனதுதானே! ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்வதை நம் தொழிலதிபர்கள் ஒருமுறை வாங்கித் தந்தால் பல்லாண்டு உழைக்கும். மூட்டையைத் தொங்கவிட மகளிர் கல்லூரியின் மூடிய கூடம் ஒன்று போதும். கிடைத்தற்கரியது பயிற்றுநரே. பட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் குத்துச்சண்டைப் பயிற்றுநர்க்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. நம் கல்விச் சங்கங்கள் ஒன்றுகூடி, விளையாட்டில் நாட்டமுள்ள பட்டதாரிப் பெண் ஒருத்தியைத் தம் செலவில் அங்கு அனுப்பி, திரும்பியதும் நிலையான ஊதியத்தில் அமர்த்தலாம். வகுப்புகளைக் காலையிலேயே வைத்தல் நலம். மாலையில் வைத்தால் பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவியர்க்கு ஊர் திரும்பப் பேருந்து கிடைப்பது அரிது. ஷூ கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை ஒதுக்கலாம். நாள் முழுதும் குனிந்து தைத்த முதுகுக்கு அவ்வொரு மணி நேரம் மருந்தாகவும் அமையும்.