புழுதிப்புயலில் லேப்டாப்: பர்னிங் மேன் பாலைவனத்தில் கம்ப்யூட்டர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ‘பர்னிங் மேன்’ விழாவுக்காகக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தவர்களை மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் வந்த புழுதிக்காற்று புரட்டிப்போட்டது. கூடாரங்கள் சரிந்தன, நுழைவாயில் தற்காலிகமாக மூடப்பட்டது. அதோடு மழையும் சேர்ந்துகொண்டது. காற்றில் பறந்த கூடாரங்களின் வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடாரங்களுக்குள் லேப்டாப்பும் பேட்டரியும் கேபிளுமாக இன்னொரு ஊரே இருக்கிறது. அது எப்படிப் பிழைக்கிறது?

பாலைவனத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1986-ல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு மரச்சிலையை எரித்ததில் தொடங்கிய இந்த விழா, 1990-ல் பிளாக் ராக் பாலைவனத்துக்கு இடம் மாறியது. இப்போது 70,000 பேர் வரை கூடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நகரமே முளைத்து, பிறகு சுவடில்லாமல் மறைகிறது. இரவில் மின்னும் எல்.இ.டி. சிற்பங்களை இயக்குவது கம்ப்யூட்டர். டிஜேக்களின் கையில் லேப்டாப். விழாவுக்கென்று தனி எஃப்.எம். வானொலியும் தற்காலிக விமான நிலையமும் உண்டு. ஆனால், அங்கே ஐஸ் கட்டி தவிர பெரும்பாலும் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. சார்ஜர் போனால் போனதுதான். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு பிளக் பாயின்ட்டும் கிடையாது. கரன்ட்டைக்கூட அவரவரே கொண்டுபோக வேண்டும்.

அது மணல் இல்லை

பாலைவனம் என்றதும் மணல் மேடுகளைக் கற்பனை செய்துவிடுகிறோம். இங்கே அப்படியில்லை. பனி யுகத்தில் இருந்த லஹோன்டன் என்ற பெரிய ஏரியின் வறண்ட படுகை இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில், தட்டையாக, வெடித்துக் கிடக்கும். மேலே இருப்பது முகப் பவுடர் போன்ற நுண்ணிய தூசு. அதுவும் காரத்தன்மை கொண்டது. வெறுங்காலோடு நடந்தால் தோல் வறண்டு வெடித்துவிடும். அதனால்தான் அங்கே போகிறவர்கள் வினிகர் கலந்த தண்ணீரில் கால் கழுவுகிறார்கள்.

கால் தோலையே இந்தப் பாடு படுத்துகிற தூசு, சர்க்யூட் போர்டில் படிந்தால்? காய்ந்திருக்கும்வரை பெரிய பிரச்னை இல்லை. வெப்பம் வெளியேறாமல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஈரம் பட்டால்தான் வினை. உப்பும் காரமும் கரைந்து மின்சாரம் கடத்தும், உலோகத்தை அரிக்கும். விழா முடிந்து ஊர் திரும்பி, மாதங்கள் கழித்து லேப்டாப் படுத்துக்கொள்வதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

நம்மிடம் இருக்கும் பல போன்களுக்கு ஐ.பி.68 தரச்சான்று உண்டு. அதில் 6 என்ற எண், தூசு உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். பெரும்பாலான லேப்டாப்களுக்கு இப்படி எந்தச் சான்றும் கிடையாது. இன்னும் மோசம், அவற்றின் ஃபேன் தூசை உறிஞ்சி உள்ளே இழுக்கும் வேலையைத்தான் செய்கிறது. போனிலும்கூட சார்ஜிங் துளையில் தூசு அடைத்துக்கொண்டால் பின் சரியாகப் பொருந்தாது. அந்தத் துளையில் சின்ன ரப்பர் மூடி போடுவதோ, ஒரு துண்டு டேப் ஒட்டுவதோ மலிவான, நல்ல வழி.

மூடினால் சூடு, திறந்தால் தூசு

சரி, காற்றுப் புகாத பெட்டியில் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டால்? சும்மா வைத்திருக்கும்போது அதுதான் சரி. ரப்பர் விளிம்பு கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, இல்லாவிட்டால் ஜிப் வைத்த பை போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பெட்டி அடுப்பாகிவிடும். பகலில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் அங்கே உண்டு. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடங்களில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதாவது, ஆன் செய்வதற்கு முன்பே எல்லை தாண்டியாகிவிட்டது.

நிரந்தரமாக ஓட வேண்டிய கருவிகளுக்கு ஒரு உத்தி இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் பெரிய ஃபில்டர் வைத்து, அதன் வழியாக ஃபேன் காற்றை உள்ளே தள்ள வேண்டும். வெளியே இழுக்கக் கூடாது. இதனால் பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இடுக்குகளில் காற்று வெளியே கசியுமே தவிர, தூசு உள்ளே நுழையாது. ஃபில்டரைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் தொல்லை.

இதைவிட எளிய பதில், ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர். 2020-ல் வந்த எம்1 சிப் மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது. விளக்குகளை இயக்க ராஸ்பெரி பை மாதிரி சில வாட்டில் ஓடும் சின்ன போர்டே போதும். குறைவாகச் சாப்பிடும் கருவி குறைவாகச் சூடாகும். குறைவாகச் சூடானால் நன்றாக மூடி வைக்கலாம். கொண்டுபோக வேண்டிய பேட்டரியும் சின்னதாகிவிடும். தூசு, சூடு, கரன்ட் மூன்றையும் தனித்தனிப் பிரச்னையாகப் பார்க்கிறவர்கள்தான் லாரி நிறைய சாமான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

கரன்ட் கணக்கு

சராசரியாக 30 வாட் இழுக்கும் லேப்டாப்பை 8 மணி நேரம் ஓட்டினால் 240 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-ஹவர் இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் உறிஞ்சக் கூடாது, ஆயுள் குறைந்துவிடும். ஆக 600, இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் சுமார் இரண்டு நாள். 12 வோல்ட்டிலிருந்து நேராக யூ.எஸ்.பி-சி வழியே சார்ஜ் செய்தால் அந்த இழப்பில் ஒரு பங்கு மிச்சம். பேட்டரியை ஏ.சி.யாக்கி, சார்ஜர் அதைத் திரும்ப டி.சி.யாக்குவது சுற்றிவளைத்து மூக்கைத் தொடுகிற வேலை.

100 வாட் சோலார் பேனல், சூடும் தூசும் போக 70 வாட் தருகிறது என்று வையுங்கள். 5 மணி நேர நல்ல வெயிலில் 350 வாட்-ஹவர். ஒரு லேப்டாப்புக்குத் தாராளம். 300 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் என்றால் இதே மாதிரி ஏழு பேனல் வேண்டும். பேனலை உலர்ந்த மென்மையான பிரஷால் துடைப்பது நல்லது. ஈரத்துணி போட்டால் தூசு சேறாகிப் படியும்.

ஜெனரேட்டர்? 2,000 வாட் ஜெனரேட்டரை ஒரு லேப்டாப்புக்காக ஓட்டுவது கொசுவை அடிக்க பீரங்கி. அதன் ஏர் ஃபில்டரையும் அதே தூசு அடைக்கும் என்பது வேறு கதை. இது அங்கே அரசியல் விவகாரமாகவும் ஆகியிருக்கிறது. 2030-க்குள் வெளியிடுவதைவிட அதிகமாகக் கார்பனை அகற்றுவோம் என்று 2019-லேயே விழா அமைப்பு அறிவித்தது. 2023-ல் காலநிலைப் போராட்டக்காரர்கள் விழாவுக்குச் செல்லும் சாலையை மறித்தபோது, கணக்கில்லாத ஜெனரேட்டர் பயன்பாட்டையும் தனி விமானங்களையும் நிறுத்தச் சொன்னார்கள். விழாவின் கார்பன் வெளியீட்டில் பெரும்பங்கு ஆட்கள் வந்துபோகும் பயணத்தால்தான். ஆனால் தூரத்தைக் குறைக்க முடியாது, ஜெனரேட்டரைக் குறைக்க முடியும்.

அதே 2023-ல் இன்னொன்றும் நடந்தது. விழாவின் கடைசி நாட்களில் மழை கொட்டி, ஏரிப் படுகை களிமண்ணாகி, பல்லாயிரம் பேர் வெளியேற முடியாமல் சிக்கினார்கள். மேகம் மூடினால் சோலார் பெயருக்குத்தான் ஓடும். பேட்டரியை விழா நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டவர்களுக்கு அப்போது போன் சார்ஜ் செய்வதே பாடாக இருந்திருக்கும். இரண்டு நாள் கூடுதலாகக் கணக்குப் போடுவது சொகுசு இல்லை, பாதுகாப்பு.

திரும்பி வந்ததும் உடனே ஆன் செய்து பார்க்கத் தோன்றும். வேண்டாம். முதலில் பிரஷால் வெளித்தூசைத் தட்டுங்கள். பிறகு அடிமூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்று ஸ்பிரே அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் அசுர வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுப்போகலாம். ஒட்டியிருக்கும் தூசுக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. காலுக்குப் போட்ட வினிகர் வைத்தியத்தை மதர்போர்டில் முயற்சி செய்ய வேண்டாம்.