நகர் நிரம்பவில்லை, ஆயினும் வழிந்தது

பட்டணத்திலே பிழைப்பு, பத்து மைலுக்கு அப்பால் வீடு என்பதே கொழும்பில் உழைப்போர் பலருக்கு வாய்த்த வாழ்வு. காலையிலே கொம்பனித்தெருப் புகையிரத நிலையத்தில் இறங்கும் கூட்டம் மாலையிலே தென்கரை ஊர்களுக்குத் திரும்புவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இவர்கள் ஏன் அத்தனை தொலைவிலே குடியிருக்கின்றனர்?

நகர் நிரம்பிவிட்டது என்பர் சிலர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. 1981இல் மாநகரின் குடிசனத்தொகை ஏறக்குறைய 5 இலட்சத்து 87 ஆயிரம்; 2012இல் அது 5 இலட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்தது. அதே காலத்தில் கொழும்பு மாவட்டத்தின் தொகையோ 17 இலட்சத்திலிருந்து 23 இலட்சமாக உயர்ந்தது. நகர் நிரம்பவில்லை; ஆயினும் வழிந்தது!

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பாதை. 1877இல் பாணந்துறை வரை நீண்ட கரையோரப் புகையிரதப் பாதையும், பின்னர் வந்த பேருந்துகளும், தொலைவிலிருந்து வேலைக்கு வருவதை இயலச்செய்தன. இரண்டாவது, காணி விலை. நகரிலே ஒரு பேர்ச் காணிக்குக் கொடுக்கும் பணத்தில் புறத்தே ஒரு வளவையே வாங்கலாம் என்ற நிலை வந்ததும், தென்னந்தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் துண்டுகளாக விலைப்பட்டன. மூன்றாவது, அரசின் முடிவுகள். 1978இல் கட்டுநாயக்காவிலே ஏற்றுமதி வலயம் தோன்றிற்று. 1982இல் நாடாளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. வேலையும் அலுவலும் சென்ற திசையிலே வீடுகளும் சென்றன.

நான்காவது காரணத்தைக் கொம்பனித்தெருவே நமக்குக் காட்டும். பேரை வாவியின் அருகே, தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் தலைமுறையாக நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகள் பொன்விளையும் பூமியாயின. 2010ஆம் ஆண்டுக்குப்பின் அங்கே வானளாவிய மாளிகைகள் எழுந்தன. குடியிருந்தோரிற் சிலர் தெமட்டகொடைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். வாடகைக்கு இருப்போரோ, கட்டுப்படியாகும் கூரையைத் தேடி நகரெல்லையைத் தாண்டவேண்டியவராகின்றனர். விரும்பிச் செல்வோர் ஒரு சாரார். விலை துரத்தச் செல்வோர் மற்றொரு சாரார். இவ்விருவரையும் ஒன்றாக எண்ணுதல் தகாது.

இதன் விளைவோ எல்லோருக்கும் பொது. மழைநீரைத் தாங்கிய சதுப்பு நிலங்கள் நிரவப்பட்டு வீடுகளாயின. 2010 நவம்பர்ப் பெருமழையிலே கோட்டேயில் நாடாளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகளும் பேருந்தின் நெரிசலிலே தம் படிப்பு நேரத்தை இழக்கின்றனர்.

வேலைக்கு அண்மையில், உழைப்பவன் ஊதியத்துக்கு எட்டும் வீடு அமையாதவரை, அகன்ற வீதிகளும் புதிய பாலங்களும் நகரை மேலும் தொலைவுக்கே இழுத்துச்செல்லும். நாளைய நகரை அமைக்கவிருக்கும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.