அப்பா பெயரில் என்ன தப்பு?

போன வருடம் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கவிருந்த நேரம். கூடமாட ஒத்தாசைக்கு என்று அப்பாவும் அம்மாவும் சென்னையிலிருந்து டல்லாஸுக்குக் கிளம்பினார்கள். இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே நள்ளிரவு. விமான நிலையத்திலிருந்து அம்மா வாட்ஸப்பில் கூப்பிட்டார்.

"கவுன்ட்டர்ல நிக்க வச்சுட்டாங்கப்பா. உங்கப்பா பேர்ல ஏதோ பிரச்னையாம்."

பிரச்னை என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஒற்றைச் சொல். சர்நேம் என்ற இடம் காலி. அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விட்டது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகியிருந்தது. 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்' என்பதன் சுருக்கம் அது. டிக்கெட் போட்டது நான். லாஸ்ட் நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி அப்பா பெயரையே இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

ஆக ஒரே மனிதர், மூன்று ஆவணங்கள், மூன்று பெயர்கள். கவுன்ட்டரில் இருந்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் யாரையோ கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, கடைசியில் போர்டிங் பாஸ் கைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் அப்பா போனை வாங்கிப் பேசினார்.

"அறுபத்தெட்டு வருஷமா இதே பேர்தான்டா. ரேஷன் கார்டு, பேங்க், பென்ஷன் எல்லாத்துலயும் இதே பேர்தான். இப்ப மட்டும் இதுல என்ன தப்பாம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. வாடிக்கையாளர்கள் பெயர், முகவரி எல்லாம் பதிவு செய்கிற மென்பொருள்களை எழுதுவதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரிக் கட்டங்களைக் கட்டித்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. நம் ஊர் முறை எளிமையானது. பிள்ளைக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. உங்கள் பெயர் குமார், அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நீங்கள் ச.குமார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து சர்நேம் இடத்தில் போட்டால் குமார் சண்முகம். அமெரிக்கா வந்து இறங்கியதும் மிஸ்டர் சண்முகம். உங்கள் அப்பாவை மரியாதையோடு கூப்பிட வேண்டிய பெயரைச் சொல்லி, வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்களைக் கூப்பிடுவார்கள்.

எனக்கும் இதே கதிதான். எங்கள் வீட்டில் அம்மா இன்றுவரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. "உங்கப்பா", "இவங்க", "இங்க பாருங்க" இவ்வளவுதான். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த பெயரை, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் மீட்டிங்கில் சத்தமாகச் சொல்லி, "இந்த பக்கை எப்போ சரி பண்ணுவீங்க?" என்று கேட்பான். முதல் வருடம் சுருக்கென்று இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இப்போது யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளே இன்னொரு வேடிக்கை. எனக்கு லாஸ்ட் நேம் என் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மூத்த மகளுக்கு என் பெயர். ஒரே கூரையின் கீழ் மூன்று லாஸ்ட் நேம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அழைத்துவரப் போனால், "நீங்கள் இவளுக்கு என்ன உறவு?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கணக்கில் நாங்கள் மூன்று பேரும் மூன்று குடும்பம்.

இதைப் படிக்கும் சிலர், "இதெல்லாம் ஒரு விஷயமா? ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது: 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. ஒருவருக்குப் போன் நம்பரே இல்லை என்பதும், அவர் நம்பர் நமக்குத் தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கணக்கு தப்பும் என்று சொல்லி மார்க் குறைப்பார்கள். எஃப்என்யூ என்பது அந்தக் குழப்பம்தான். என் அப்பாவின் பெயர் யாருக்கும் தெரியாத பெயர் அல்ல. அது தெரிந்த பெயர், முழுப் பெயர். அவருக்கு இல்லாதது இன்னொரு பெயர் மட்டும்தான். இல்லாத ஒன்றைத் 'தெரியவில்லை' என்று எழுதினால் அது தப்பான தகவல்.

அந்த இடம் காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு பெயரின் வாலை வெட்டிக்கொண்டவர்கள் ஏராளம். இந்தியாவின் மற்ற பல மாநிலங்களில் ஒருவரின் கடைசிப் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் தெரியாது. நம்மிடம் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் அதை வாசிக்காமல் ஒரு தலைமுறை படித்து வெளியே வந்தது சாதாரண விஷயமல்ல. அந்தக் காலியிடம் மறதியால் விடப்பட்டது அல்ல. தெரிந்தே விடப்பட்டது.

நாம் மட்டும்தான் இப்படியா என்றால் அதுவும் இல்லை. இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்களான சுகர்னோ, சுகார்த்தோ இருவருக்குமே ஒற்றைப் பெயர்தான். ஐ.நா. சபையின் பொதுச்செயலாளராக இருந்த பர்மாக்காரர் ஊ தாண்ட்டின் பெயர் வெறும் தாண்ட். 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு நம்மைப் போலவே அப்பா அல்லது அம்மா பெயரிலிருந்துதான் இரண்டாம் பெயர் வருகிறது. நம் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு வைத்த பெயர் ஆனந்த். செஸ் உலகம் செல்லமாக 'விஷி' என்று கூப்பிடுவது அவருடைய அப்பா பெயரை! இன்றைய பிரக்ஞானந்தா சர்வதேசப் பட்டியலில் 'பிரக்ஞானந்தா ஆர்' என்று இனிஷியலோடுதான் இருக்கிறார். உலகத் தரத்தில் ஆடுவதற்கு அந்த ஒற்றை எழுத்து தடையாக இல்லை. பல இணையதளங்களில் கணக்குத் தொடங்குவதற்குத்தான் தடை. லாஸ்ட் நேம் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம்.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. பாஸ்போர்ட்டின் கீழே இயந்திரம் படிப்பதற்காக 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்குமே, அதற்கான சர்வதேச விதியே ஒற்றைப் பெயரை அனுமதிக்கிறது. பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் மீதி இடத்தை நிரப்புக் குறிகளால் நிரப்பிவிடலாம். அதாவது உலகம் முழுக்க எல்லைகளைக் காக்கிற அமைப்பு ஒத்துக்கொள்கிற பெயரை, ஒரு டிக்கெட் விற்கிற பக்கம் ஒத்துக்கொள்ளாது.

பாதுகாப்பு, அடையாளச் சோதனை எல்லாம் இருக்கிறதே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் விஷயத்தில் பாதுகாப்புக்கு நடந்தது என்ன? கட்டாயம் நிரப்பு என்றதால் நான் ஒரு பொய்யை நிரப்பினேன். சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் 'மிஸ்டர்' என்று போடுகிறார்கள், சிலர் எஃப்என்யூ என்றே அடிக்கிறார்கள். ஒரு மனிதருக்கு ஒரு பெயர் என்று இருந்ததை ஐந்து பெயராக்கிவிட்டு அதை அடையாளச் சோதனை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பா வந்து சேர்ந்த வாரம், ராத்திரி தூக்கம் வராமல் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் நிறுவனத்தின் பதிவுப் பக்கத்தில் இந்த விதி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து. ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் கட்டளை ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. அதன் பெயரே 'பிளேம்', அதாவது பழி. போட்டுப் பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன் எழுதியவன் நானேதான். என் பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல அப்பா பெயரும் நின்றது. செய்தது நான், பழியில் பாதி அவருக்கு.

நான் ஏன் அப்படி எழுதினேன்? கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. டிசைனில் இரண்டு கட்டம் இருந்தது, இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம் இருந்தது, எழுதினேன். நான் பாஸ்போர்ட் எடுக்கும்போது என் பெயரை ஏற்கெனவே இரண்டாக வெட்டியிருந்ததால் எனக்கு அது உறுத்தவில்லை. பேட்ரிக் மெக்கென்ஸி என்ற புரோகிராமர், பெயர்களைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நம்பும் 40 தவறான எண்ணங்களை 2010-லேயே பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார். அதை நான் படித்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். படித்தும் அந்த வரியை எழுதினேன். மென்பொருள் துறையில் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் இந்தக் கட்டம் மாறாததற்குக் காரணம் வெள்ளைக்காரன் மட்டும் இல்லை. கேட்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் விட்ட நாமும்தான்.

ஆகவே தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பெயருக்கு ஒரே ஒரு கட்டம் போதும். பக்கத்தில், "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று இன்னொன்று. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாவதைக் கட்டாயமாக்காதீர்கள். இது அரை நாள் வேலை.

பயணம் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கோபத்தால் விமானம் ஏற முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தது நினைவிருக்கும். அதனால் ஊரில் பெற்றோருக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுத்தாலோ புதுப்பித்தாலோ, விசாவுக்குப் போவதற்கு முன்பே இனிஷியலை விரித்து இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுங்கள். முடியாவிட்டால், டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, ஒற்றைப் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

குழந்தை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு என்ன இனிஷியல் போடப் போற?"

முதலில் அவள் பெயர், நடுவில் அவள் அம்மா பெயர், கடைசியில் என் பெயர் என்று எழுதிக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மா பேரையும் அப்பவே இப்படிப் போட்டிருக்கலாம்" என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை. குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார்.

நாளைக்கு இவளையும் ஒருவன் மீட்டிங்கில் என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அதை என்னால் தடுக்க முடியாது. என்னால் முடிந்தது ஒன்றுதான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்த வரியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று நான்கு வரி விளக்கமும் எழுதினேன். குழுவில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க அப்பாவின் பெயரை அடித்து, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு பட்டனை அழுத்தினேன். அடுத்த பக்கம் வந்தது.