இரண்டு பென்ஸ் பாக்கி

தொண்டு, சேவை, தியாகம். உழைத்துச் செத்த பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த மூணு சொல்லும் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. வேலை வாங்கியவனைப் பற்றி எழுதும்போது வருவதில்லை. கூலி பாக்கி இருக்கிறது என்பதை மறைக்க ‘சேவை’யைப் போல வாகான சொல் வேறு கிடையாது. ஜமைக்காவில் 1923இல் பிறந்து லண்டனில் 2007இல் இறந்த கோனி மார்க் என்னும் கறுப்பினப் பெண்ணையும் இதற்குள்தான் அடைத்து வைக்கிறார்கள். நல்ல தாய், சமூகத் தொண்டர், மதிப்பிற்குரிய மூதாட்டி. எல்லாம் சரிதான். ஆனால் அந்த அம்மா ஆயுசு பூராவும் செய்தது கணக்குக் கேட்டதுதான்.

1943. உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. கிங்ஸ்டன் நகரத்துப் பத்தொன்பது வயசுப் பெண், ஏ.டி.எஸ். எனப்பட்ட பிரிட்டிஷ் ராணுவத்தின் பெண்கள் துணைப்படையில் சேர்கிறார். கறுப்புப் பெண்கள் படைக்கு வருவதை லண்டன் போர் அமைச்சகம் விரும்பவில்லை. குடியேற்ற நாடுகள் அமைச்சகம் நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து சுமார் 600 பெண்கள் எடுக்கப்பட்டார்கள். வாஷிங்டனுக்கு அனுப்ப வெள்ளைத்தோல்காரிகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். படையிலும் பந்தி வேறு வேறுதான். கோனிக்குக் கிங்ஸ்டன் ராணுவ மருத்துவமனையில் தட்டச்சு வேலை. எவனுக்குக் கை போனது, எவனுக்குக் கால் போனது, எவன் உடம்பு எவ்வளவு வெந்தது - காயம்பட்டு வந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறே மாதத்தில் லான்ஸ் கார்ப்பரல் ஆக்கினார்கள். அந்தப் பதவிக்குத் தினப்படி இரண்டு பென்ஸ் கூடுதல். விண்ணப்பித்தார். ஜமைக்காக்காரிகளுக்கு அது பொருந்தாது என்று பதில் வந்தது. கையில் பட்டை ஏறியது, சம்பளம் ஏறவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அவருடைய மேலதிகாரி அவரை ஒரு பதக்கத்துக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. ஏன் என்பதை அவரே பிற்பாடு சொன்னார்: வெள்ளைப் பெண் அதிகாரிகளின் வீடுகளைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், முடியாது என்றேன். இதை நம் வாசகர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சீருடை போட்டாலும் சரி, டாக்டர்களின் பாஷையைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தாலும் சரி, தோலைப் பார்த்த மாத்திரத்தில் ஆண்டைக்குத் துடைப்பம்தான் ஞாபகத்துக்கு வரும். பத்து வருஷம் படையில் இருந்தவருக்கு பிரிட்டிஷ் எம்பயர் மெடல் வந்து சேர்ந்தது 1992இல். போர் முடிந்து 47 வருஷம் கழித்து. ஏகாதிபத்தியத்தின் பேரிலுள்ள பதக்கத்தை வாங்கலாமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வீடு கூட்ட மறுத்ததற்காக நிறுத்தி வைத்ததை, கூட்டாமலேயே வாங்கிக் காட்டினார். அது சலாம் போட்டு வாங்கியது அல்ல.

கணவர் கிரிக்கெட்காரர். இங்கிலாந்தில் டர்ஹாம் அணிக்காக ஆட வந்தவர். 1954இல் கோனியும் வந்து சேர்ந்தார். குடியேறி என்று எழுதுகிறோமே, அதுவே பிசகு. 1948ஆம் வருஷச் சட்டப்படி அவர் பிரிட்டனின் குடிமகள், உரிமையோடு வந்தவர். வந்தவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கறுப்பர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாக அட்டை மாட்டி வைத்த காலம். வீட்டிலும் வேலையிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வர 1968 ஆயிற்று. இதற்குள்தான் பிள்ளை வளர்ப்பு, பிழைப்பு, ஊர் வேலை எல்லாம்.

அந்த ஊர் வேலை எது என்று பார்த்தால், அதுவும் கணக்குத்தான். இந்த முறை மற்றப் பெண்களுக்காக. மேற்கிந்திய முன்னாள் படைவீரர் சங்கம் என்று ஒன்று இருந்தது. வீரர் என்றால் ஆம்பளை. பெயரிலேயே பெண்களையும் சேர் என்று சண்டை போட்டார். 1980இல் மேரி சீக்கோல் நினைவுச் சங்கத்தைத் தொடங்கினார். சீக்கோலும் கிங்ஸ்டன்காரிதான். 1854இல் கிரிமியப் போருக்கு மருத்துவப் பணி செய்யப் போகிறேன் என்று கேட்டு, லண்டனில் விரட்டப்பட்டு, சொந்தக் காசில் போய்ச் சேர்ந்தவர். தன் கதையைத் தானே 1857இல் புத்தகமாகப் போட்டார். 1881இல் இறந்தார், அப்புறம் மறந்தே போனார்கள். நைட்டிங்கேல் பெயர் மட்டும் பாடப்புத்தகத்தில் நின்றது. அந்தக் கல்லறையில் வருஷந்தோறும் மலர்வளையம் வைக்க ஆள் கூட்டியவர் கோனி மார்க். பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஜமைக்காவின் பேச்சுமொழியிலேயே கதை சொன்னார். கொச்சை என்று இங்கிலீஷ்காரன் ஒதுக்கிய மொழி அது. சீக்கோலுக்கு லண்டனில் சிலை வந்தது 2016இல். அதைப் பார்க்க இவர் இல்லை.

இவருக்கும் ஹேமர்ஸ்மித்தில் 2008இல் நீலப்பலகை வைத்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், 2010இல், கரீபியர்கள் கப்பலில் வந்திறங்கிய காலத்துப் பதிவு அட்டைகளை பிரிட்டிஷ் உள்துறை அழித்துவிட்டது. அப்புறம், தாய்மாரோடு சின்னப் பிள்ளைகளாக வந்து அங்கேயே கிழடாகிப் போனவர்களிடம், நீ எப்போது வந்தாய், அத்தாட்சி எங்கே என்று கேட்டது. வேலை போனவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. 2018இல் விவகாரம் வெடித்தபோது, குறைந்தது 83 பேர் தப்பாக நாடு கடத்தப்பட்டிருந்தது தெரியவந்தது.