மூஞ்சி சிவந்தா குடியா?

எங்கள் இராஜாக்கமங்கலத்தில் ஆம்பளை முகம் சிவந்தால் ஒரே அர்த்தம்தான். 'என்ன மக்ளே, காலையிலயே ஏத்தியாச்சா?' டீக்கடையில் கிளம்பிய பேச்சு, எனக்குப் பெண் தர இருந்த வீடு வரை போய்ச் சேர்ந்தது!

நாகர்கோவில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது ரோசேசியா" என்றார். நம் நிறத்தில் பலரும் இதைப் பரு என்றே நினைத்து ஸ்டீராய்டு களிம்பு பூசுகிறார்களாம். அது இன்னும் மோசமாக்கும்.

வெயில், மது, காரம், சூடு... இவைதான் பலருக்கும் எதிரி. சூட்டை உணரும் அதே நரம்பு வாசல்தான் மிளகாயையும் உணர்கிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசே கிடைத்தது! காபி பிரியர்களுக்கு நல்ல சேதி: 1981-ல் சோதித்துப் பார்த்ததில் முகத்தைச் சிவக்க வைத்தது காபீன் அல்ல, சூடுதான்.

ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார். மூன்று வாரத்தில் தீர்ப்பு: மீன் விடுதலை. குழம்பிலிருந்த வத்தலுக்குப் பாதி தண்டனை. ஆவி பறக்கும் டீக்கு ஆயுள் தண்டனை!

ஆபீஸ் நண்பர்களே, பக்கத்து சீட்டுக்காரர் முகம் சிவந்திருந்தால் வாயை மோந்து பார்க்காதீர்கள். டீயை நன்றாக ஆற்றிக் கொடுங்கள்!